சட்ஜமத்தைக் குடித்தவர்

2025 மார்ச் 12, புதன்கிழமை. மலேசியாவில் கோல சிலாங்கூர்ச் சாலையோரத்துத் தோட்டத் தொழிலாளர் மண்டபம் மனிதரிடமிருந்து பறிக்கப்பட்டுக் குருவிகளிடம் கொடுக்கப்படவிருந்தது.

இது மிகைக்கூற்று அன்று. சீனச் சூப்புக்காகக் குருவிக்கூடு எடுத்து விற்கும் பண்ணைக்காரர் வாடகை பேசிவிட்டார். குருவிகள் உள்ளே கூடு கட்டச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து இருட்டாக்குவார். குருவிகளை ஈர்க்கக் குருவிக்குரலின் ஒலிப்பதிவை இரவும் பகலும் போடுவார். மூன்று தலைமுறை நாடகம் போட்ட மேடையில்!

மண்டபத் தலைவர் சிவானந்தம் சொன்ன காரணம் அதைவிடக் கொடுமை.

"மனுசன் எவனும் வர்றதில்ல. குருவியாச்சும் வரட்டும்லா."

இசையாசிரியை அகதா மன்றாடியதில் ஒரே ஒரு தவணை கிடைத்தது. மே மூன்றாம் நாள் கச்சேரி. மண்டபம் நிறைந்தால் மண்டபமாகவே இருக்கும். நிறையாவிட்டால் சாவி கைமாறும்.

ஆகவே அன்று காலை அகதா வாசலில் மேசை போட்டு, ஏழு கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்தார். சட்ஜமத்துக்குத் தம்ளர் நிறையத் தண்ணீர். சுரம் ஏற ஏறத் தண்ணீர் குறையும். ஈர விரலால் விளிம்பைத் தேய்த்தால் தம்ளர் பாடும். அதைக் கைப்பேசியில் பதிந்து ஊருக்கெல்லாம் அனுப்பிக் கச்சேரிக்கு ஆள் சேர்ப்பது அவர் எண்ணம். கரண்டியால் சொட்டுச் சொட்டாய் ஊற்றிச் சுருதி சேர்க்கவே காலை கழிந்தது.

எதிரே குடையின்கீழ்க் கடை விரித்திருந்த வேலம்மா அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா டீச்சர், கிளாசுக்குப் பாலூட்டுறீங்களா?"

அன்று மாசிமகம் என்பது அகதாவின் நினைவில் இல்லை. மாசிமகந்தோறும் அதே வாசலில் மண்டபத்தார் தண்ணீர்ப்பந்தல் போடுவர் என்பதும், இவ்வாண்டு சிவானந்தம் அதை நிறுத்திவிட்டார் என்பதும் அவர் அறியாதவை.

கோயிலுக்கு நடந்து வந்த கூட்டம் சாலைமுனையில் தெரிந்தது. கொளுத்தும் வெயில்.

வேலம்மா சாலையைக் கடந்து வந்தார். நிறைந்திருந்த சட்ஜமத்தை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

"பந்தல் இங்கதான்! வாங்க, வாங்க!"

"அக்கா, அது..."

அகதா முடிப்பதற்குள் ரிஷபம் போயிற்று. காந்தாரத்தை ஒரு பெரியவர் கண்மூடிக் குடித்துக்கொண்டிருந்தார். தாகத்தோடு நிற்பவரிடம் இது இசைக்கருவி என்று எப்படிச் சொல்வது? அகதா வாளியைத் தூக்கி ஊற்றத் தொடங்கினார்.

அந்நேரம் பார்த்துச் சிவானந்தம் காரிலிருந்து இறங்கினார்.

"தலைவரே, இந்த வருசம் கண்ணாடிக் கிளாசுலா! பெரிய மனசு!"

கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொல்ல, மற்றவர்கள் கைகூப்பினர். தாம் நிறுத்திய பந்தலுக்குத் தமக்கே நன்றி! முகம் சிவக்கச் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"நெழல்ல உட்காந்து குடிங்க."

பெஞ்சுகள் நிறைந்தன. சுவரோரமும் நிறைந்தது.

திரும்பி வந்த தம்ளர்களை அகதா மேடையில் அடுக்கினார். காதை மட்டும் நம்பித் தண்ணீர் ஊற்றினார். விரலை நனைத்து விளிம்பைத் தேய்த்தார்.

சட்ஜமம் எழுந்து கூரையைத் தொட்டுத் திரும்பியது. மற்றச் சுரங்களும் சேர்ந்து பாட்டாக, பெஞ்சிலிருந்தோர் முன்னால் சாய்ந்து கேட்டனர்.

கதவருகே நின்றபடியே கேட்ட சிவானந்தம், பாட்டு முடிந்ததும் சாவியை நீட்டினார்.

"மே மூணு வரைக்கும் நீயே வச்சிரும்மா. நிறையுதான்னு பார்ப்போம்."

சாவியோடு அகதா வாசலுக்கு வந்தார். எதிரே குடையின்கீழ் ஆள் இல்லை. வேலம்மா இன்னும் மண்டபத்தின் முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தார்.

அவர் கடைமேசையில் ஒரு பெரிய கண்ணாடிக் கலம் இருந்தது. மாசிமகக் கூட்டத்துக்கு விற்பதற்கென்றே கலக்கிய சீராப் என்னும் சிவப்புச் சர்பத், ஐஸ் கரைந்து, விளிம்புவரை அப்படியே நின்றது. கலத்தின்மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

மே மூன்றாம் நாள், சனிக்கிழமை மாலை. தாகம் இல்லாவிட்டாலும் நீங்கள் கச்சேரிக்கு வரவேண்டும்.