நான்காவது குஞ்சு

"இன்னொரு குஞ்சு வேணும், சிஸ்டர். கூட்டுக்கு வெளியில."

ரெமிஜியுஸ் குவாட்ரஸ் படத்தின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. தலைமை ஆசிரியை சிஸ்டர் செவரின், ஓவிய ஆசிரியை ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

மங்களூருக்கு வடக்கே, ரெமிஜியுஸ் கொடுத்த தென்னந்தோப்பில் புதுப் பள்ளி எழும்பிக்கொண்டிருந்தது. ஜூனில் திறப்பு. வாசல் கல்லில் செதுக்க வேண்டிய சின்னம் மேஜை மேல் கிடந்தது. கேடயத்தின் மேற்பாதியில் மாதாவின் நட்சத்திரம். கீழே, தன் மார்பைத் தானே கொத்தி, அந்த ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடா.

"கூழைக்கடான்னா நமக்காக ரத்தம் சிந்தின ஆண்டவர். மூணு குஞ்சுதான் காலங்காலமா வழக்கம்" என்றார் சிஸ்டர். "ஆயரே பாத்து ஒத்துக்கிட்ட படம், குவாட்ரஸ் சார்."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"வெளியில தனியா வரைஞ்சா தொலைஞ்சுபோன மாதிரி இருக்குமே, ரெமி மாமா?" என்றாள் ஜெசிந்தா.

"அப்படித்தான் இருக்கணும். தாயோட கழுத்தை அந்தப் பக்கம் திருப்பு. ஒரு சொட்டு அது வாயிலயும் விழட்டும்."

சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. "நிலம் குடுத்தீங்க, நன்றி. அதுக்காக ஊர்ப் பிள்ளைங்க நெஞ்சுல குத்திக்கிற சின்னத்தை உங்க வீட்டு போட்டோவா மாத்த முடியுமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. போன மழைக்காலத்தில்தான் ரெமிஜியுஸின் மகள் லவீனா விபத்தில் போனாள். தோப்பை அவர் எழுதிக் கொடுத்ததே அதற்குப் பிறகுதான்.

ரெமிஜியுஸ் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க" என்றார் சிஸ்டர். "ஜெசிந்தா, அவர் சொல்ற மாதிரியே போடு."

ஜெசிந்தா வரைந்தாள். கூட்டுக்குச் சற்றுத் தள்ளி, இறகு முளைக்காத ஒரு சின்ன உடம்பு. கண்ணருகே வந்ததும் கை நின்றது.

"மூடின மாதிரி வரையட்டுமா, மாமா?"

"வேண்டாம். திறந்திருக்கட்டும். அதுக்குப் பசி."

சிஸ்டர் நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். "நம்ம லவீனா நிம்மதியா இருக்கட்டும்."

"லவீனா கூட்டுக்குள்ள இருக்கா, சிஸ்டர்."

ரெமிஜியுஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வராந்தாவில், அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றிருந்தாள்.

"லவீனா மேல லாரிய ஏத்தினானே, அவனோட மக. அப்பன் ஜெயில்ல இருக்கான்; இப்பப் படிக்கிற இடத்துல இவ பக்கத்துல யாருமே உக்கார மாட்டேங்கிறாங்களாம். ஜூன்ல இவளை இங்க சேத்துக்குவீங்களா?"