புள்ளிக் கொடியும் கோட்டுக் கொடியும்

"இன்னிக்கு 'தெரியல'ன்னு யாரும் சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு ருக்குமணி விசையைத் தட்டினாள்.

திரையில் இரண்டு படைகளும் எழுந்து நின்றன.

ஒவ்வொரு கொடியின் தலைமேலும், அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். குதிரைப்படைக்குக் குதிரைத்தலை. வில்லாட்களுக்கு வில். அவள் கொடிகளில் புள்ளி, அவள் கணவன் நல்லமுத்துவின் கொடிகளில் கோடு.

நல்லமுத்து ஒரு கணம் அசையாமல் பார்த்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அந்த விளையாட்டு ருக்குமணி எழுதியது. பீச் ஸ்திரீட்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் அவளுக்குக் கணினி வேலை. அங்கே வேண்டாமென்று கழித்த பழைய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவே வரி வரியாக அடித்தாள். ஒரு மலை, ஓர் ஆறு, இரண்டு கோட்டைகள். அந்தத் திரைக்கு வாய்த்ததே மூன்று நிறம்தான். பழுப்பை நிலத்துக்குக் கொடுத்தாள். பச்சை அவளுக்கு, சிவப்பு அவனுக்கு. ஆள் கூடக்கூடக் கொடிக்குள் நிறம் நெருங்கி நிறைவதுபோலச் செய்திருந்தாள். அந்த வேலைப்பாட்டில் அவளுக்குத் தனிப் பெருமை.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரியவர்கள் பார்த்து முடித்தது. மாக் மண்டினில் ஒரு பட்டறையில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வரும் நல்லமுத்து அதிகம் பேசமாட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே விசைப்பலகைக்கு முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்காரும்போதுதான் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

ஆனால் எல்லாச் சனிக்கிழமையும் அவன்தான் தோற்றான். அதுவும் மானங்கெட்ட தோல்வி. பெரும்படை நிற்கும் இடத்துக்குப் பத்துப் பேரை அனுப்புவான். தன் ஆட்களையே போய் வெட்டுவான்.

"மாப்ளே, எதிரி அந்தப் பக்கம் நிக்கிறான் லா!" என்று அவள் அண்ணன் வேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கடலுக்கு மேல் பாலம் வந்த பிறகும் அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி அவன் வருவது இந்தக் கூத்தைப் பார்க்கத்தான்.

நல்லமுத்துவும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

பெண்டாட்டி ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறான். முதலில் அந்த நினைப்பு ருக்குமணிக்கு இனித்தது. போகப்போகக் கசந்தது. நான் என்ன பால்குடிக் குழந்தையா? உயிரைக் கொடுத்து எழுதியதை இந்த மனிதன் விளையாட்டாகக்கூட மதிக்கவில்லையே.

அந்தக் கோபத்தில்தான் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். யார் ஆள், எத்தனை பேர் என்று கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டால் அப்புறம் என்ன சாக்குச் சொல்வான்?

அவன் சாக்கு எதுவும் சொல்லவில்லை.

மலைப்பக்கம் கொஞ்சம் பேரை அனுப்பி அவள் வில்லாட்களை அங்கே இழுத்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவன் குதிரைப்படை ஆற்றின் கீழ்ப்பக்கமாக இறங்கியது. ஊற்றிவைத்த கோப்பி ஆடை கட்டுவதற்குள் அவள் கோட்டை விழுந்துவிட்டது.

வேலு சிரிக்க மறந்துபோய், சிகரெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"இவ்வளவு ஆடத் தெரியுமா? அப்ப இத்தன நாளா என்னை ஏமாத்திக்கிட்டுதானே இருந்தீங்க?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். வேலு காதில் விழுமோ என்று வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"ஏமாத்தல ருக்கு. பச்சை, செவப்பு எல்லாம் எனக்கு மண்ணு கலராத்தான் தெரியும். பொறந்ததுலேருந்து அப்படித்தான். உன் ஆளு யாரு, என் ஆளு யாருன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

ருக்குமணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நெருங்கி நிறையும் நிறம், அவளுடைய பெருமை, அவன் கண்ணில் ஒரு நாளும் பட்டதேயில்லை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். கண்ணுல கோளாறு உள்ளவன்னு வேண்டாம்னுடுவியோன்னு பயம். அப்புறம் நீ ஆசையா கலர் குடுத்து வெச்சிருந்தே. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"அப்ப எதைப் பார்த்துத்தான் ஆடினீங்க?"

"உன் மூஞ்சியத்தான்." சொல்லும்போதே அவன் காது சூடேறிவிட்டது. "நான் வர்ற எடத்துல உன் ஆளு கம்மியா இருந்தா உதட்டக் கடிப்பே. நெறைய இருந்தா உன் கண்ணு சிரிச்சிடும். பாதி நேரம் கணக்க மறந்துட்டு சும்மா பாத்துக்கிட்டே இருந்திடுவேன். அதான் அப்படித் தோப்பேன்."

அவள் குனிந்து ஆறிப்போன கோப்பியை ஒரு வாய் குடித்தாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இன்றைக்கு ஆட்டம் முழுக்க அவன் அவள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

வேலு திரும்பி வந்தான். "என்னா, இன்னொரு ஆட்டமா?"

"இருண்ணே, இதுல சின்னதா ஒரு தப்பு இருக்கு. சரி பண்ணிடுறேன்."

அவள் நிரலைத் திறந்தாள். ஒரு வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். மறுபடி விசையைத் தட்டினாள்.

படைகள் எழுந்து நின்றன. கோட்டுக் கொடிகளின்மேல் எண்கள் பளிச்சென்று இருந்தன. புள்ளிக் கொடிகளின்மேல் ஒன்றுமே இல்லை.

"ருக்கு, உன் பக்கம் எத்தனை பேருன்னு காட்டலையே?"

ருக்குமணி நாற்காலியை நன்றாக அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.