ஒரு குறையும் இல்லாத வண்டி

"இந்தாங்க, மறுபடியும் வந்துட்டான்!" என்று கைப்பேசியைப் புருஷன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "யாரு?"

"வெளிநாட்டு நம்பர்லேருந்து ஒருத்தன், தமிழ்லதான் எழுதறான். நம்ம பாப்பா வண்டிய விடவே மாட்டேங்கறான்."

பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வண்டியில் உட்கார வைத்துத் தள்ளலாம் என்றால், இறங்கி ஓடுகிறாள். பெரியவளுக்குப் படிக்கிற மேசை ஒன்று நாளைக் காலையில் வருகிறது. இருக்கிற இரண்டு அறையில் அதற்கு இடம், வண்டி நிற்கிற அந்த ஒரு மூலைதான். அதனால் நேற்றே வண்டியைத் துடைத்து, நல்ல பக்கமாகத் திருப்பி வைத்துப் படம் எடுத்து, இணையத்தில் விற்பனைக்குப் போட்டுவிட்டாள். 'வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் இருந்தாள்.

"அனுப்ப வேண்டாமாம். ஆள் வந்து எடுத்துக்குமாம்."

"ஐயையோ, அதேதான்! எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படித்தான் சோபா வித்தாரு. ஆள் வரும் ஆள் வரும்னு சொல்லி, ஏதோ நம்பரக் கேட்டு, பேங்க்ல இருந்ததத் தொடச்சு எடுத்துட்டாங்க. நீ பதிலே போடாத."

"போடலன்னா என் பச்சைப் புள்ளி போயிடுமே!"

கேட்கிற எல்லாருக்கும் தவறாமல் பதில் சொல்கிறவர்களுக்கு, அந்த இணையதளத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி போடுவார்கள். குக்கர், மின்விசிறி, பழைய புத்தக அலமாரி என்று பதினோரு சாமான் விற்றுச் சம்பாதித்த புள்ளி அது. வீட்டில் அவளுக்குப் பெயரே பச்சைப்புள்ளி என்றாகிவிட்டது.

"அப்ப என்னதான் பண்ணப் போற, பச்சைப்புள்ளி?"

"அவனா வேண்டாம்னு ஓடணும். வேடிக்கையப் பாருங்க."

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயால் சொல்லிக்கொண்டே தட்டினாள். "ஐயா, வண்டியில பிரேக் பிடிக்காது. ஏத்தத்துல விட்டா தானா உருளும். முன்சக்கரம் ஒண்ணு கோணல். மேல்துணி கிழிஞ்சு, நான்தான் உள்பக்கமா தச்சு வச்சிருக்கேன்..."

இஸ்திரிப் பெட்டி பாதிச் சட்டையில் நின்றது. "ஏய், இதெல்லாம் நெசந்தானே?"

"நெசந்தான். பொய் சொன்னா திருப்பித் திருப்பிக் கேப்பான். உண்மையச் சொன்னா ஓடிடுவான்."

"அந்த இடுப்பு பெல்ட்டு?"

பெல்ட்டின் கொக்கி நன்றாகத்தான் மாட்டும். குழந்தை கொஞ்சம் எம்பினால் அதுபாட்டுக்குக் கழன்றுகொள்ளும்.

"இதுக்கே ஓடிடுவான். அது வேற எதுக்கு?"

"சரி, காலையில ஒரு பொண்ணு போன் பண்ணுச்சே, எட்டு மாசம் முழுகாம இருக்கேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னு. அதுகிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"உங்களுக்கென்ன பைத்தியமா? குறை ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுச்சு. ஒரு குறையும் இல்லம்மா, புதுசு மாதிரின்னேன். வாங்கப் போறவங்ககிட்ட யாராச்சும் குறையச் சொல்லுவாங்களா?"

கைப்பேசி சிணுங்கியது. 'ரொம்ப நன்றி அக்கா' என்று மட்டும் வந்திருந்தது. அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

"ஓடியே போயிட்டான்!" என்று பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். தெரு ஏற்றத்தில் நடந்து வந்ததில் ஒரு கை இடுப்பிலும் ஒரு கை கதவிலுமாக நின்று மூச்சு வாங்கினாள்.

பச்சைப்புள்ளிக்கு மனசு என்னவோ செய்தது. நாளைக்கு வரப்போகிற மேசையை நினைத்தாள். மனசை ஓரங்கட்டினாள்.

"உள்ள வாம்மா, உக்காரு. உங்க வீடு எங்க?"

"பின் தெருதான்க்கா. அதுவும் இதே மாதிரி ஏத்தம்."

"அப்படியா... இதான் வண்டி. பிரேக்கப் போட்டுட்டா மலை மாதிரி அசையாம நிக்கும்!"

பிரேக்கை அழுத்திக் காட்டிவிட்டுக் கையை எடுத்தாள். வண்டி மெல்ல உருண்டு போய், சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "விடுங்கக்கா, எனக்குத் தெரியும். வர்ற வழியில சைக்கிள் கடையில பேசிட்டுத்தான் வர்றேன். பிரேக்கு, சக்கரம் ரெண்டையும் இன்னைக்கே சரி பண்ணித் தர்றேன்னுட்டாங்க."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"நீங்கதான்! எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காரு. நான்தான் வண்டிப் படத்த அவருக்கு அனுப்பினேன். நீங்க அவருக்கு எழுதினதப் படிச்சுட்டு, 'இப்படி எதையும் மறைக்காத ஆளப் பாத்ததே இல்ல, கண்ண மூடிட்டு வாங்கு'ன்னாரு."

பச்சைப்புள்ளி சுவரில் முட்டி நின்ற வண்டியை இழுத்து நேராக வைத்தாள்.

"எனக்கு மொதல்ல கோவந்தான் வந்துச்சுக்கா. எங்கிட்ட மட்டும் ஒரு குறையும் இல்லன்னீங்களேன்னு. அப்புறந்தான் புரிஞ்சுது. வயித்துப்பிள்ளக்காரி பயந்துடக் கூடாதுன்னுதானே எங்கிட்ட மறைச்சு, அவர்கிட்ட சொன்னீங்க? என் கூடப் பொறந்த அக்காவுக்குக்கூட இப்படித் தோணியிருக்காது."

உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புருஷனுக்குப் புரை ஏறியது.

அந்தப் பெண் எழுந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். "அப்ப எடுத்துக்கட்டுமாக்கா?"

"இரும்மா, இரு!" வண்டிக்குக் குறுக்கே போய் நின்றாள் பச்சைப்புள்ளி. "அவர்கிட்டயும் ஒண்ணச் சொல்லாம விட்டுட்டேன். இந்த இடுப்பு பெல்ட்டு இருக்கு பாரு..."