சர்வீஸுக்குப் போன கேமரா

அவர் பையைத் திறந்தார்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். 

கேமரா. இரண்டு லென்ஸ். மூன்று பேட்டரி. ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார் ஏகாம்பரம். திரைப்படக் கல்லூரியின் கருவி அறைக்கு அவர்தான் எல்லாம். சாவி அவர் இடுப்பில், பதிவேடு அவர் கையில்.

இன்றைக்கு ஏன் இத்தனை மெதுவாக?

மற்ற நாளென்றால் எண்ணிப் பார்ப்பார், கையெழுத்து வாங்குவார், போ என்பார். இன்று கண்ணாடி வேறு போட்டிருக்கிறார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யார்? வாசலில் நின்ற ஒளிப்பதிவு வகுப்புக்காரன் அவளைப் பார்த்துச் சிரித்தானே, அது வெறும் சிரிப்புதானா? காலையில் அறைத்தோழி கேட்டாளே, "ஷூட்டிங்ல கேக் டப்பா எல்லாம் குடுக்குறாங்களாடி? எனக்கும் ஒரு வேஷம் சொல்லேன்" என்று. அது வெறும் கிண்டல்தானா?

"ஷூட்டிங் எங்கம்மா?" தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பழவேற்காடுண்ணே."

"அங்க நல்ல மழையாமே."

"வீட்டுக்குள்ளதான் எடுத்தோம்."

"உன் கதை படகுல நடக்கறதுன்னு சொன்னியே?"



படகுதான். பன்னிரண்டு நிமிடப் படம், அதில் பாதி படகில். அதை எடுத்துக் காட்டினால்தான் படிப்பு முடியும். படகுக்காரர் முன்பணம் கேட்டார். அதற்காகத்தான், கேமரா வாங்கும்போது பதிவேட்டில் 'டிப்ளமோ படப்பிடிப்பு' என்று எழுதிவிட்டு, சனிக்கிழமை பெரம்பூரில் ஒரு தேவாலயத்துக்குப் போனாள். கல்யாணம் எடுக்க.

வியாழக்கிழமையே கேமராவைக் கேட்டிருந்தாள். சர்வீஸுக்குப் போயிருக்கு, நாளைக்கு வாம்மா என்றார். வெள்ளிக்கிழமை கிடைத்தது. சனிக்கிழமை கல்யாணம். முன்பணம் இப்போது அவள் ஜீன்ஸ் பையில்.

கல்லூரிக் கேமரா வெளிவேலைக்குப் போனது தெரிந்தால், அப்புறம் கேமராவே கிடையாது. போன வருடம் ஒருவனுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவன் படம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது.

அதனால் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடைத்தாள். மணமக்கள் தலைக்குமேல் வெடித்த ஜிகினாத் துணுக்குகளைப் புருவ இடுக்கியால் ஒன்றொன்றாக எடுத்தாள். லென்ஸ் மூடியில் சொட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். பையின் வாரை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

ஒன்றும் மிச்சமில்லை.

இல்லைதானே?

அவருக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பைகளையும் சோதித்த பிறகே கருவிகளைத் திரும்பப் பெறவும்.' கீழே முதல்வரின் பச்சை மைக் கையெழுத்து.

ஏகாம்பரம் வெறும் பையைக் கவிழ்த்தார். இரண்டு தட்டுத் தட்டினார்.

ஏதோ விழுந்தது.

அரிசி. ஒரே ஓர் அரிசி. மஞ்சள் தடவியது.

அட்சதை.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

 படகு போயிற்று. படம் போயிற்று. மூன்று வருடம் போயிற்று. தப்புதாண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

தேவாலயத்தில் அட்சதை யார் போட்டார்கள்?

வேதம் வாசித்தார்கள். மோதிரம் மாற்றினார்கள். பாடினார்கள். கேக் வெட்டினார்கள். மஞ்சள் அரிசியை அங்கே ஒருவரும் கையால் தொடவில்லை.

இது அவளுடையது இல்லை.

வியாழக்கிழமை. சர்வீஸ்.

மெல்ல நிமிர்ந்தாள்.

ஏகாம்பரம் இப்போது அரிசியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் அவள் அவரை எப்படிப் பார்த்தாளோ, அப்படியே.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு முருகன் படம். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியின் புகைப்படம். அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூட ரசீது. இந்த மேசையில் குனிந்து எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் படித்தாள்.

'முதல் தவணை மட்டும்.'

அவர் ஆள்காட்டி விரலை அரிசிமேல் வைத்து அழுத்தினார். எடுத்தபோது மேசையில் அரிசி இல்லை.

"பை சுத்தமா இருக்கும்மா," என்றார். 

பதிவேட்டில் எழுதினார். நல்ல நிலை.

அவள் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். கிளம்பவில்லை.

"அண்ணே, இந்த வாரம் சர்வீஸ் என்னைக்கு?"

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தில் எதையோ தேடினார். கிண்டலையா, மிரட்டலையா? வெளியே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். சத்தம் தேயும்வரை காத்திருந்தார்.

பிறகு எழுந்து போய், தினசரிக் காலண்டரில் தாள்களைத் தூக்கினார். ஒன்று. இரண்டு.

"புதன்."

அவர் கட்டைவிரலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது, சுபமுகூர்த்த தினம் என்று.

"சரிண்ணே. அப்ப நான் வியாழக்கிழமை வரேன்," என்றாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "இந்தத் தடவை படகுக்குத்தான்."

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.