ஆறாம் எண் கட்டில்

கிள்ளானில் எங்கள் முதியோர் இல்லத்தில் விதிகள் கண்டிப்பானவை. பார்க்க வருகிறவர்கள் பெயர், உறவு, உடல் வெப்பம், கட்டில் எண் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

சன்னலோரம்தான் வேண்டும் என்று வாதாடி நான் ஏழாம் கட்டிலுக்கு மாறினேன். என் பழைய ஆறாம் கட்டில் ஸ்டானிஸ்லாஸுக்குப் போனது. அதிலிருந்து ஞாயிறுதோறும் மதியத் தூக்கம் கலைந்து எழுந்தால், அவர் நகங்கள் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன.

“யாரு வெட்டுறான்னே தெரியல அண்ணே. பொறாமையா?” என்று சிரித்தார்.

எல்லோரையும் ஒரே மாதிரி கவனிக்க வேண்டும் என்பது விதி. தாதி ஷார்மைனிடம் புகார் சொன்னேன்.

“நாங்க இல்ல அங்கிள், விசிட்டர் லா,” என்று பதிவேட்டைத் திறந்து காட்டினாள்.

சீதாலெட்சுமி. உறவு: மனைவி. உடல் வெப்பம்: இருபத்தேழு டிகிரி. கட்டில்: ஆறு.

கையெழுத்து என் மனைவியுடையது. அவள் இறந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. முப்பது ஆண்டுகளில், ஞாயிறுதோறும் என் நகங்களை வெட்டிவிடும்போதுகூட, என் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் கெஞ்சினேன். “ஸ்டானி, கட்டில மாத்திக்கலாமா?”

அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். “வேணாம் அண்ணே. பழகிப்போச்சு.”

அந்த ஞாயிறு மதியம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் விழித்தே கிடந்தேன். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. நகவெட்டியின் சத்தம் மட்டும் பத்து முறை கேட்டது.