இரும்பு பிடித்துக்கொண்டது

"நீங்க ஒட்டுனத நீங்களேதான் உடைக்கணும்கா," என்று சுத்தியலை நீட்டினான் ரூபேந்திரன்.

அவன் பட்டறையில் அதுதான் சட்டம். வெல்டிங் பழக வருகிறவர் யாராக இருந்தாலும், இரண்டு துண்டு இரும்பை ஒட்டி, ஆறவைத்து, பிடியில் இறுக்கித் தன் கையாலேயே அடித்துப் பார்க்க வேண்டும். அடி தாங்கினால்தான் நல்ல இரும்பில் கைவைக்க விடுவான்.

ஜெரால்டின் சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

ஐம்பதை நெருங்குகிறவள். தங்காக் ஊர்த் துணிக்கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். துணி கொடுக்க வரும் நாளிலெல்லாம் இந்தப் பட்டறையிலும் நுழைந்துவிடுவாள்.

வீடு சிகாமட்டில், ஆற்றுக்குப் பக்கத்தில். போன வெள்ளத்தில், கடையில் வாங்கிப் போட்டிருந்த இரும்பு மேடை கால் பிய்ந்து தண்ணீரில் சாய்ந்துவிட்டது. பூசி மெழுகிய ஒட்டு. அடுத்த மேடையைத் தன் கையால்தான் அடிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

மழைக்காலம் இதோ வந்துவிட்டது.

"ஒரு ஃபிரிட்ஜுக்கா இவ்ளோ பாடு?" என்று ரூபேந்திரன் அடிக்கடி கேலி செய்வான். ஆற்றங்கரை வீடுகளில் வெள்ளத்துக்குப் பயந்து ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மேடையில் ஏற்றிவைப்பது அவனுக்குத் தெரியும். அவளும் சிரித்துவைப்பாள்.

இதுவரை அவள் ஒட்டியதெல்லாம் முதல் அடியிலேயே பிஸ்கட் மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது, அவள் தையலைப் போலவே நூல் பிடித்த நேர். உள்ளேதான் ஒன்றும் பிடிக்கவில்லை.

குற்றம் தையல் மெஷினுடையது. கண்ணை ஊசிக்கு முன்னால் வைத்துக்கொண்டு துணியை ஓடவிட்டே பழகிய கை. வெல்டிங் குச்சியையும் அப்படியே ஓட்டினாள். இரும்பு சூடேறி இளகுவதற்குள் கை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் பாருங்கள் என்று அவனும் தொண்டை வறளச் சொல்லிவிட்டான். கறுப்புக் கண்ணாடிக்குள் வெளிச்சத்தைத் தவிர வேறு என்ன இழவு தெரியும் என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

இன்று தெரிந்தது.

எப்படியென்று சொல்லத் தெரியாது. கை கொஞ்சம் அசந்து மெதுவானது, அவ்வளவுதான். கண்ணைக் குத்தும் அந்த வெள்ளை ஒளிக்குப் பின்னால், சின்னதாக ஒரு குளம்.

அது தளும்பியது. இரண்டு பக்கத்து இரும்பையும் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவள் நகர்ந்தால் நகர்ந்தது, நின்றால் அகலமானது. பின்னாலேயே அதன் கரை அலை அலையாக உறைந்துகொண்டு வந்தது. வெடித்துச் சிதறும் சத்தம் அடங்கி, எண்ணெயில் வடை வேகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டது.

"ஆண்டவரே," என்றாள் முகக் கவசத்துக்குள்.

இத்தனை நாளும் இது இங்கேயேதான் இருந்திருக்கிறது! கண்ணெதிரே இரும்பு தண்ணீராகி, அவள் போகச் சொன்ன இடத்துக்குப் போகிறது. தண்ணீர் என்றாலே பயந்து ஒதுங்குகிறவள், இந்தத் தண்ணீரிலிருந்து பார்வையை எடுக்க மனம் வராமல் குச்சி தீரும்வரை குனிந்தே இருந்தாள்.

இப்போது அதைத்தான் உடைக்க வேண்டும்.

சுத்தியலை ஓங்கினாள். பிய்ந்தால் இந்த மழைக்கு மேடை இல்லை.

அடித்தாள். பிரியவில்லை. மறுபடி அடித்தாள். தகடு வளைந்தது. மூச்சு வாங்க வாங்க அடித்தாள். தகடுதான் மடங்கி மடங்கி, கடைசியில் அப்படியே படுத்துவிட்டது. ஒட்டில் ஒரு கீறல் இல்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினாள். எது எந்த இரும்பு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இது தன் கை செய்த வேலையா என்று நம்பமுடியாமல், திரும்பத் திரும்பத் தடவினாள். கண் நிறைந்துவிட்டது.

"அலமாக்! பிடிச்சிருச்சே அக்கா!" என்று கத்தினான் ரூபேந்திரன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு உடனே தரையில் குந்தினான். "சரி, மேடைக்கு அளவு சொல்லுங்க. நீளம்?"

"ஆறரை அடி."

நிமிர்ந்து பார்த்தான். "ஃபிரிட்ஜுக்கு ஆறரை அடியா?"

"ஃபிரிட்ஜ் இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரு கட்டிலு. வாதம் வந்ததுலேருந்து அவரால எந்திரிக்க முடியாது."

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆறரை என்று எழுதினான். அகலத்தை அவனாகவே மூன்று என்று எழுதினான். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு அது தாராளம்.

"அஞ்சு போடு," என்றாள் ஜெரால்டின். "போன தடவ மேடை சாஞ்சப்ப, படகு வர்ற வரைக்கும் கழுத்துத் தண்ணியில நின்னு அவரத் தாங்கிப் பிடிச்சிருந்தேன். இந்தத் தடவ நானும் மேல ஏறிப் படுத்துக்குவேன்."

ரூபேந்திரன் மூன்றை உள்ளங்கையால் அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினான்.