ஆறு சென்டிமீட்டர்

"திருப்பு யூரானி. எனக்கு வலிக்குதேன்னு பாக்காத, நல்லா திருப்பு," என்றான் எய்டர், தலையணையைக் கடித்துக்கொண்டு.

கணவனின் இரண்டு கால்களையும் சுற்றியிருந்த இரும்பு வளையங்களில் சாவியைப் பொருத்தி, ஒவ்வொன்றாகத் திருப்பினாள் யூரானி. தினமும் நாலு வேளை இதே வேலை. அறுத்த எலும்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் விலகும், அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும்.

சாவி எப்போதும் அவள் கையில்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் அதைக் கட்டிலின் தலைமாட்டு ஆணியில் மாட்டிவிட்டு, சோளரொட்டி சுடப் போனாள்.

கொலம்பியாவின் காலி நகரத்து சல்சா நடனக் குழுக்களில் எய்டரின் கால் வேகத்துக்கு ஈடே கிடையாது. உயரம்தான் குறைச்சல். குதிகால் செருப்பு போட்டால் யூரானி அவனைவிட நாலு விரல் மேலே நிற்பாள். "அடுத்த பாட்டுக்கு உன் பொண்டாட்டி உன்ன இடுப்புல வச்சுக்கிட்டு ஆடுவாளா?" என்று குழுவில் கேட்பார்கள். மேடையில் அவனுக்கு எப்போதும் பின்வரிசை.

டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. சீழ் பிடிக்கலாம், எலும்பு கூடாமல் போகலாம், கணுக்கால் விறைத்துப் போகலாம். கூடக் கிடைப்பது ஆறு சென்டிமீட்டர் உயரம். எய்டர் காதில் அந்த ஆறு மட்டும்தான் விழுந்தது. வேண்டாம் என்று அழுத யூரானியிடம், "இதப்பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசின, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று கத்தினான். அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. யூரானி ஓடி வந்து ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர்தான்.

"காலையில வீட்டுக்கே வந்து எடுத்த எக்ஸ்ரே வந்துச்சு. முப்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்துல ஒன்பதுதாம்மா இருக்கு. எலும்பு சீக்கிரமே ஒட்டிக்கிச்சு போலிருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, மறுபடி அறுத்து விடணும்."

போன் அடங்கியது. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எழுந்து ஓடலாம் என்றால் இரண்டு காலிலும் இரும்பு. ஒரு மாதமாகப் பார்த்த அதே கூரையை எய்டர் வெறித்துப் பார்த்தான்.

கீழே ரொட்டிக் கடை ரேடியோவில் சல்சா ஆரம்பித்தது. போர்வைக்கு வெளியே அவன் கால் பெருவிரல் தாளம் போடப் பார்த்தது. பாதி தூரம்கூட எழவில்லை.

"அறுக்க வேணாம்னு சொல்லிடு, யூரானி."

"ஏன், ஆறு சென்டிமீட்டர் வேணாமா?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "எலும்பெல்லாம் ஒட்டல. பத்தாம் நாளே இந்த விரல் தூக்க முடியல. இனிமே ஆடவே முடியாதோன்னு பயந்துட்டேன். அன்னியிலேருந்து நீ அடுப்படிக்குப் போனதும் நானே எல்லாத்தயும் பின்னாடி திருப்பி வச்சுடுறேன். அவ்வளவு கத்திட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட நிறுத்தச் சொல்லுவேன்?"

யூரானி தன் சட்டைக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை.

"பின்ன எதுக்கு முதல் நாள்லேருந்து சாவிய உன் கைக்கு எட்டுற ஆணியில மாட்டினேன்?"